வீட்டு ஹாட் டப் பராமரிப்பும் பழுதுபார்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், மிசிசாகாவில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டோடு, கொல்லைப்புறத்தில் ஒரு ஹாட் டப்பும், அதாவது உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டியும், சேர்ந்து வந்தது. விற்றவர் சாவியைக் கொடுத்துவிட்டு, "குளோரின் போட்டால் போதும்" என்று சொல்லிப் போனார். முதல் குளிர்காலத்திலேயே ஹீட்டர் போனது, மூடி போனது, ஒரு பம்ப் கத்த ஆரம்பித்தது. இப்போது எட்டுக் குளிர்காலம் ஆகிறது. ஹாட் டப் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து யாராவது கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். கணக்குகள் எல்லாம் எங்கள் தொட்டி மாதிரியான 1500 லிட்டர், 240 வோல்ட், 5.5 கிலோவாட் ஹீட்டருக்கு. உங்களுடையது சிறிதோ பெரிதோ என்றால் அதற்கேற்பக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஹாட் டப், ஜக்கூஸி இரண்டும் ஒன்றா?

ஹாட் டப் என்பது பொருளின் பொதுப்பெயர். ஜக்கூஸி என்பது ஒரு குடும்பத்தின் பெயர், பிறகு கம்பெனியின் பெயர். இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்த சகோதரர்கள் 1915-இல் பெர்க்லியில் விமானத்துக்கான சுழல்விசிறி செய்யத் தொடங்கினார்கள். பிறகு விவசாயக் கிணறுகளுக்கான பம்ப் தொழிலுக்கு மாறினார்கள். அவர்களில் ஒருவரான காண்டிடோவின் மகனுக்குச் சிறு வயதிலேயே முடக்குவாதம். அந்தப் பையனின் வலிக்கு வெந்நீர்ச் சிகிச்சை வீட்டிலேயே கிடைக்க வேண்டும் என்று, குளியல் தொட்டிக்குள் வைக்கும் ஒரு சிறிய பம்பைச் செய்தார்கள். அது 1956-இல் விற்பனைக்கு வந்தது. நீரைப் பீய்ச்சும் துளைகளான ஜெட்டுகளைத் தொட்டியின் சுவரிலேயே பதித்து வந்தது 1968-இல். நம் தொட்டிகள் எல்லாம் அதன் வழிவந்தவை. ஒரு தகப்பன் பிள்ளைக்காகச் செய்த பம்ப் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

வாராவாரம் என்ன செய்ய வேண்டும்?

வாரம் இரண்டு மூன்று முறை, பட்டையை நனைத்து நிறம் பார்க்கும் சோதனை. குளித்து எழுந்த ஒவ்வொரு முறையும் குளோரின். வாரம் ஒரு முறை ஃபில்டரைக் கழற்றி ஹோஸில் கழுவுதல், நீர்மட்டம் பார்த்தல், தொட்டியின் விளிம்பைத் துணியால் துடைத்தல். மாதம் ஒரு முறை பிரேக்கரில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பார்த்தல். மொத்தமாக வாரத்துக்கு இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தை விட்டவர்கள்தான் பிறகு ஹீட்டருக்கும் பம்புக்கும் நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள்.

தண்ணீரில் எது எவ்வளவு இருக்க வேண்டும்?

இதைத்தான் எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். தொட்டியைக் கெடுப்பது பனியோ வயதோ என்று நினைக்கிறோம். நான் திறந்து பார்த்த பழுதுகளில் பாதிக்கு மேல் தண்ணீரில் ஆரம்பித்தவை.

தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவான பி.ஹெச். 7.2-லிருந்து 7.8-க்குள் நிற்க வேண்டும். 7-க்குக் கீழே போனால் தண்ணீர் அமிலமாகி ஹீட்டரின் உலோகத்தையும் பம்பின் சீலையும் அரிக்கும். 7.8-க்கு மேலே போனால் குளோரினின் கிருமி கொல்லும் வேகம் மங்கும், சுண்ணாம்பு பிரிந்து படியும். தொட்டியிலேயே மிகச் சூடான இடம் ஹீட்டர் என்பதால் முதலில் படிவதும் அங்கேதான்.

காரத்தன்மை 80-லிருந்து 120 பி.பி.எம். (பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). இது பி.ஹெச்.சைத் தாங்கிப் பிடிக்கும் முட்டு மாதிரி. குறைந்தால் பி.ஹெச். நிலையில்லாமல் ஆடும். அதிகமானால் பி.ஹெச். மேலேயே ஏறிக்கொண்டிருக்கும். ஜெட் ஓடும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறுகிறது, அதனால்தான் ஹாட் டப்பில் பி.ஹெச். தானாகவே ஏறுகிறது. வாரம் தவறாமல் உங்களுக்கு பி.ஹெச். ஏறுகிறது என்றால், காரத்தன்மையை 60, 70 அளவுக்கு இறக்கிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகுதான் நிம்மதி.

கால்சியம் 150-லிருந்து 250. ஒன்டாரியோ ஏரித் தண்ணீர் குழாயில் வரும்போது ஏறக்குறைய 120 இருக்கும், கொஞ்சம் சேர்த்தால் போதும். குவெல்ஃப், வாட்டர்லூ பக்கம் நிலத்தடி நீர் மிகவும் கடினம். அங்கே இருப்பவர்கள் கால்சியம் சேர்க்கவே வேண்டாம், படிவைத் தடுக்கும் மருந்துதான் தேவைப்படும்.

காரத்தன்மையை ஏற்ற ஆப்பசோடா போதும். கடையில் அழகான டப்பாவில் விற்பதும் அதேதான். பி.ஹெச்.சை ஏற்றுவது சலவைச் சோடா, இறக்குவது சோடியம் பைசல்பேட். முதலில் காரத்தன்மையைச் சரிசெய்யுங்கள், அடுத்து பி.ஹெச்., அதற்குப் பிறகு கால்சியம், கடைசியில் குளோரின். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பம்பை ஓடவிட்டு அரை மணி நேரமாவது காத்திருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் தண்ணீர் பால்போல வெளுத்துவிடும்.

குளோரின் நல்லதா, புரோமின் நல்லதா?

இரண்டும் வேலை செய்யும். குளோரின் குறைந்தது 3 பி.பி.எம். இருக்க வேண்டும், புரோமின் 4-லிருந்து 8. புரோமினுக்கு வாடை குறைவு, வெந்நீரில் கொஞ்சம் நிதானமாக நிற்கும். குளோரின் மலிவு, அளவு பார்ப்பதும் எளிது. நான் குளோரின் ஆள்.

டைகுளோர் என்ற தூள் குளோரின்தான் பெரும்பாலும் கடையில் கிடைக்கும். எங்கள் தொட்டியில் 3 பி.பி.எம். ஏற 8 கிராம் போதும். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. 10 பி.பி.எம். குளோரின் ஏறும்போது கூடவே 9 பி.பி.எம். சயனூரிக் அமிலமும் தண்ணீரில் சேர்கிறது. அது ஆவியாகாது, ஃபில்டரிலும் நிற்காது. மாதக்கணக்கில் சேர்ந்தால் குளோரினின் கையைக் கட்டிவிடும். பட்டை 3 என்று காட்டும், கிருமியோ சாகாது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., ஹாட் டப்பில் சயனூரிக் அமிலம் கலந்த குளோரினே வேண்டாம் என்கிறது. நான் வாசனை சேர்க்காத, கெட்டிப்படுத்தாத சாதாரண பிளீச்சுக்கு மாறிவிட்டேன். 6 சதவீத பிளீச் என்றால் 75 மில்லி, டைகுளோர் 8 கிராமுக்குச் சமம்.

நீச்சல் குளத்துக்கு விற்கும் டிரைகுளோர் மாத்திரையை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். அது கடும் அமிலம், தொட்டியின் அக்ரிலிக் பரப்பையே கொப்புளிக்க வைக்கும். ஒரு வகைக் குளோரினை இன்னொரு வகையோடு டப்பாவிலேயே கலக்காதீர்கள், அமிலத்தோடும் சேர்க்காதீர்கள். தீப்பிடிக்கலாம், விஷவாயு வரலாம்.

குளோரின் வாடை மூக்கைத் துளைக்கிறது. அளவைக் குறைக்கலாமா?

கூட்ட வேண்டும். அந்த வாடை வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செத்துப்போன குளோரினின் வாடை. குளோராமின் என்பார்கள். புதுக் குளோரின் போதாததால்தான் அது எரிந்து போகாமல் நிற்கிறது. மூடியைத் திறந்து வைத்து, ஜெட்டை ஓடவிட்டு, பிளீச் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஊற்றி 10 பி.பி.எம். வரை ஏற்றுங்கள். இருபது நிமிடமாவது திறந்தே இருக்கட்டும். உடனே மூடினால் அந்த வாயு மூடியின் அடிப்பக்க வினைலைத் தின்றுவிடும். அளவு இறங்கிய பிறகே குளிக்க வேண்டும்.

நுரை பொங்குகிறது, என்ன காரணம்?

தஞ்சாவூரிலிருந்து அம்மா வந்திருந்த வருஷம். சனிக்கிழமை காலை பேரப்பிள்ளைகள் மூன்று பேருக்கும் தலையில் எண்ணெய் வைத்து ஊறவிட்டார். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா, அம்மா சீயக்காயைக் கரைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஓடிப்போய்த் தொட்டிக்குள் குதித்துவிட்டார்கள். ஜெட்டைப் போட்டதும் நுரை விளிம்பைத் தாண்டிப் பனிமேல் வழிந்தது. அன்று மாலை ஃபில்டரைக் கழற்றினேன். வெள்ளை மடிப்புகள் எல்லாம் மஞ்சளாகி, அப்பளம் பொரித்தெடுத்து வைத்த தாள்போல வழவழவென்று இருந்தன. நீர்மட்டக் கோடு நெடுக விரலால் வழித்தால் வரும்படி எண்ணெய்ப் பிசுக்கு. குளோரின் பூஜ்யம்.

எண்ணெய், லோஷன், ஷாம்பு, துணியில் மிச்சமிருக்கும் சோப்பு, இவை எல்லாமே நுரையும் பிசுக்கும் ஆகும். நுரையடக்கி மருந்து ஒரு மணி நேரம் மறைத்துக் காட்டும், அவ்வளவே. ஃபில்டரை மாற்றி, குளோரினை ஏற்றி, இரண்டு நாளில் அடங்கவில்லை என்றால் தண்ணீரை மாற்றிவிடுங்கள். நாங்கள் மாற்றினோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம்: தொட்டிக்கு முன்னால் ஷவர், நீச்சல் உடையைச் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் அலசுவது, எண்ணெய்க் குளியல் நாளில் தொட்டி இல்லை.

தண்ணீர் பச்சையாகிவிட்டது, பாசியா?

மூடியிருக்கும் ஹாட் டப்பில் பாசி அபூர்வம். தெளிவான பச்சை என்றால் பெரும்பாலும் கரைந்த செம்பு. கிணற்றுத் தண்ணீர் நிரப்பியவர்களுக்கும், பி.ஹெச். கீழே கிடந்து ஹீட்டர் அரிபட்டவர்களுக்கும் இது வரும். நிரப்பும்போதே ஹோஸின் முனையில் மாட்டும் வடிகட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கலங்கல் மட்டும்தான் என்றால் ஃபில்டரையும் குளோரினையும் பாருங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும்?

பழைய கணக்கு ஒன்று உண்டு. தொட்டியின் அமெரிக்க காலன் அளவை மூன்றால் வகுத்து, தினமும் குளிப்பவர்களின் எண்ணிக்கையால் மறுபடி வகுத்தால் நாள் கணக்கு வரும். 400 காலன், இரண்டு பேர் என்றால் 66 நாள். வாரம் இரண்டு மூன்று முறை மட்டும் இறங்கும் வீட்டுக்கு மூன்று, நான்கு மாதம் தாங்கும். நாங்கள் நவம்பர் கடைசியில், தரை உறையும் முன்னால் ஒருமுறை மாற்றுகிறோம். பிறகு மார்ச்சில். நடுவில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே இருக்கும் நாளைப் பார்த்து, காலையில் தொடங்குங்கள்.

காலி செய்வதற்கு முந்தின நாள் குழாய் சுத்தம் செய்யும் மருந்தை ஊற்றி ஜெட்டை ஓடவிடுங்கள். குழாய்களின் உள்சுவரில் வழவழவென்று கிருமிப் படலம் ஒட்டியிருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் அது அப்படியே புதுத் தண்ணீருக்குக் குடிவரும். முதல்முறை நான் ஊற்றியபோது பழுப்பு நிறத்தில் ஈரத்தாள் துண்டுகள்போல மிதந்து வந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் ஒரு மாதம் தொட்டிப் பக்கம் போகவில்லை.

அடுத்து, பிரேக்கரை அணையுங்கள். தண்ணீர் இல்லாமல் ஹீட்டர் ஓடினால் ஒரு நிமிடத்தில் எரிந்துபோகும். பழைய தண்ணீரைத் தெருவில் உள்ள மழைநீர் வடிகாலில் விடாதீர்கள், அது சுத்திகரிக்கப்படாமல் ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது. இரண்டு மூன்று நாள் குளோரின் போடாமல் விட்டு, அளவு பூஜ்யமான பிறகு உங்கள் புல்தரையிலேயே, பக்கத்து வீட்டுக்குப் போகாதபடி விடலாம். உங்கள் நகராட்சி விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிரப்பும்போது ஹோஸைத் தொட்டிக்குள் போடாமல் ஃபில்டர் இருந்த துளைக்குள் விடுங்கள். தண்ணீர் கீழிருந்து குழாய்களை நிரப்பிக்கொண்டு ஏறும், காற்று உள்ளே மாட்டாது. குளிர்காலக் குழாய்த் தண்ணீர் 5 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 38 டிகிரிக்குப் போக 58 யூனிட் மின்சாரமும் பத்தரை மணி நேரமும் ஆகும். காலையில் நிரப்பினால் இரவு குளிக்கலாம்.

ஃபில்டரை எப்படிக் கழுவுவது? எப்போது மாற்றுவது?

வாரம் ஒருமுறை ஹோஸில், மடிப்பு மடிப்பாக. மாதம் ஒருமுறை ஃபில்டர் மருந்தில் இரவு முழுக்க ஊறவைத்து அலசிக் காயவைக்க வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடக் கூடாது. பிரஷர் வாஷரும் வேண்டாம், நூலிழை கிழியும். இரண்டு செட் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்று காயும் நேரம் இன்னொன்று ஓடும். கழுவியும் சாம்பல் நிறம் போகவில்லை, மடிப்புகள் தளர்ந்துவிட்டன என்றால் புதிது வாங்குங்கள். ஒன்றரை வருஷம் தாங்கினால் நல்ல ஆயுள்.

மூடி கனத்துப்போய்த் தூக்க முடியவில்லை.

உள்ளே இருக்கும் நுரைப்பலகை நீராவியைக் குடித்துவிட்டது. எங்கள் பழைய மூடியை நானும் மனைவியும் சேர்ந்து தூக்கினோம், ஓரத் தையலிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதைக் காயவைக்க முடியாது. ஈரமான நுரை வெப்பத்தைத் தடுக்காது, அதனால் மின் கட்டணத்தில் தினமும் காசு போகும். சுற்றிலும் பனி கிடக்க, மூடியின் மேல் மட்டும் அது உருகியிருந்தால் அதுவே சாட்சி. மாற்றிவிடுங்கள். புது மூடியைத் தண்ணீருக்கு மேல் மிதக்கும் நுரைத் தாளோடு சேர்த்துப் பயன்படுத்தினால் நீராவி குறையும், மூடி இன்னும் சில வருஷம் தாங்கும்.

திரையில் எஃப்.எல்.ஓ. என்று காட்டி ஹீட்டர் நின்றுவிடுகிறது.

ஹீட்டர் வழியாகப் போதுமான தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம். குறியீடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பொருள் இதேதான். முதலில் ஃபில்டரை வெளியே எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் குற்றவாளி ஃபில்டர். ஆகவில்லை என்றால் நீர்மட்டம், அதற்கு அடுத்து மூடிக்கிடக்கும் வால்வு. தண்ணீர் மாற்றிய அன்றைக்கு வந்தால் காற்றடைப்பு. பிரேக்கரை அணைத்துவிட்டு, பம்பின் மேலே உள்ள பெரிய பிளாஸ்டிக் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். புஸ்ஸென்று காற்று போய், தண்ணீர் கசிய ஆரம்பித்ததும் இறுக்குங்கள். கையிறுக்கம் போதும்.

ஓ.ஹெச். என்று வந்தால் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. யாரும் இறங்கக் கூடாது. மூடியைத் திறந்து ஆறவிடுங்கள். அடைப்பு இல்லையென்றால் வெப்பமானியோ, எல்லாவற்றையும் இயக்கும் மின்னணு போர்டோ பழுது.

பிரேக்கர் அடிக்கடி விழுகிறது. பெரிய பிரேக்கர் போட்டுவிடலாமா?

கூடவே கூடாது. அது ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர். ஐந்து மில்லி ஆம்பியர் கரண்ட் வழிதவறினாலும் விழுவதற்காகவே வைத்தது. தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பிள்ளைக்கும் அந்தக் கரண்டுக்கும் நடுவில் நிற்பது அது ஒன்றுதான்.

வெளியே மைனஸ் 19 இருந்த ஜனவரி இரவில் எங்களுடையது விழுந்தது. தூக்கிவிட்டேன், ஹீட்டர் விளக்கு எரிந்த மூன்றாவது நொடி மறுபடி விழுந்தது. அதுவே பெரிய துப்பு. எது இயங்கத் தொடங்கும்போது விழுகிறதோ அதில்தான் கோளாறு. மின்சாரத்தை மெயினில் அணைத்து, மீட்டரால் கரண்ட் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, மின்தொழில் செய்யும் நண்பர் ஹீட்டரின் இரண்டு ஒயரையும் போர்டிலிருந்து கழற்றி, முனைகளுக்கு உறை போட்டார். மறுபடி தூக்கிவிட்டால் பம்ப் நிம்மதியாக ஓடியது. தண்ணீர் ஓடும்வரை குழாய் உறையாது, காலை வரை தப்பித்தோம்.

மறுநாள் ஹீட்டர் காயிலை மீட்டரில் பார்த்தோம். 5.5 கிலோவாட் காயில் என்றால் இரண்டு முனைகளுக்கும் நடுவில் பத்தரை ஓம் அளவு வர வேண்டும், வந்தது. ஆனால் முனைக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவில் எதுவுமே வரக் கூடாது. அங்கே மீட்டர் முள் நகர்ந்தது. குழாயைத் திறந்தால், பழைய கெட்டிலின் அடியில் இருப்பதுபோல வெள்ளைக் காரை. அதைத் தட்டி உதிர்த்தபோது அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. எனக்கு முன்னால் இருந்தவர் பி.ஹெச். பார்த்ததே இல்லை என்று அந்தக் காரை சொன்னது. புதுக் காயில் போட்ட பிறகு ஏழு வருஷமாக அது அப்படியே இருக்கிறது.

கோளாறு ஹீட்டரில் இல்லையென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது தண்ணீரைச் சுத்தமாக்க உதவும் ஓசோன் பெட்டி, பிறகு பம்ப் மோட்டார். மழைக்குப் பிறகு மட்டும் விழுந்தால் வெளியே இருக்கும் பெட்டிக்குள் ஈரம்.

பம்ப் கிறீச்சிடுகிறது. சில சமயம் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை.

கிறீச்சென்றால் பேரிங். பம்பின் சீல் கசிந்து, தண்ணீர் பேரிங்குக்குள் போய்த் துரு பிடித்திருக்கும். பேரிங்கை மட்டும் மாற்றிச் சீலை விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் திரும்ப வரும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். உறுமிக்கொண்டு நின்றால் கெப்பாசிட்டர் போயிருக்கலாம், அல்லது உள்விசிறியில் ஏதோ மாட்டியிருக்கலாம். எங்களுக்குக் கிடைத்தது தலைமுடி ரப்பர் ஒன்று. கெப்பாசிட்டரை அறியாமல் தொடாதீர்கள். பிரேக்கரை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

தண்ணீர் குறைகிறது. கசிவு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி, டார்ச்சோடு முதலில் பம்பின் அடியையும் நட்டு இணைப்புகளையும் பாருங்கள். அதிர்வில் நட்டு தளர்வதும், உள்ளே வாஷர் நசுங்குவதும்தான் பெரும்பாலான கசிவு. வாஷர் சில டாலர்.

அங்கே காய்ந்திருந்தால், ஹீட்டரைச் சேர்த்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நீர்மட்டத்தைத் தானாக இறங்கவிடுங்கள். குளிர்காலத்தில் செய்யாதீர்கள். எந்த உயரத்தில் இறங்குவது நிற்கிறதோ அந்த உயரத்தில் உள்ள ஜெட்டிலோ குழாயிலோதான் ஓட்டை. ஜெட்டின் அருகில் நாலு சொட்டுக் கேசரிப் பவுடர் கரைசலை விட்டால் கசிவை நோக்கி நிறம் இழுத்துக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரியும். உட்பக்கம் முழுக்க நுரை அடைத்த தொட்டியில் தேடுவது பாடுதான், நுரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி ஈரத்தைத் தொடர்ந்து போக வேண்டும்.

வால்வுக் கைப்பிடி இறுகிப்போனால் வாஸலின் தடவாதீர்கள், ரப்பர் வளையம் உப்பிவிடும். சிலிகான் மசகு மட்டும்.

குளிர்காலத்தில் கரண்ட் போய்விட்டால்?

2013 டிசம்பர் உறைமழைப் புயலில் டொராண்டோவில் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. சில வீடுகளுக்குக் கரண்ட் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஆகவே இது கற்பனைப் பயம் இல்லை.

தொட்டியில் இருக்கும் ஒன்றரை டன் வெந்நீர் சீக்கிரம் ஆறாது. நல்ல மூடி இருந்தால் ஒரு நாளைக்கு மேல் வெதுவெதுப்பாகவே இருக்கும். உறைவது கீழே பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களும் பம்பும். தண்ணீர் பனிக்கட்டியானால் 9 சதவீதம் பருக்கும், பிளாஸ்டிக் அதைத் தாங்காது.

மூடியைத் திறக்காதீர்கள், அதன் மேல் பழைய கம்பளிகளைப் போர்த்துங்கள். பக்கப் பலகைகளைச் சுற்றிப் பனியைக் குவித்துவிட்டால் அதுவும் காற்றைத் தடுக்கும். ஜெனரேட்டர் இருந்தால் பெட்டிக்குள் ஒரு சிறிய ஹீட்டரை, ஒயரிலும் நுரையிலும் படாமல், கண்பார்வையில் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் தாண்டியும் கரண்ட் வரும் அறிகுறி இல்லை என்றால் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். பம்பின் அடைப்புத் திருகைக் கழற்றி, நட்டுகளைத் தளர்த்தி, குழாய்களில் நிற்கும் தண்ணீரைக் காற்று ஊதும் வேக்குவம் கொண்டு ஜெட் ஜெட்டாக வெளியேற்றுங்கள். அதற்கும் ஜெனரேட்டர் வேண்டும் என்பதால், எல்லாம் கைவிட்டுப்போகும்வரை காத்திருக்காதீர்கள். கடைசியில் ஆர்.வி. எனப்படும், தங்கும் வசதியுள்ள பயண வண்டிகளுக்கு விற்கும் இளஞ்சிவப்பு உறைதடுப்பானை ஊற்றுங்கள். காருக்கு ஊற்றுவது விஷம், அது வேண்டவே வேண்டாம்.

மின் கட்டணத்தைக் குறைக்க வழி உண்டா?

ஒரு டிகிரி ஏற்ற 1.75 யூனிட் ஆகும் என்பதை நினைவில் வையுங்கள். இரவு பத்து மணிக்கு ஹீட்டரை அணைத்து, காலை ஆறு மணிக்கு வெப்பத்தைப் பாருங்கள். கடுங்குளிர் இல்லாத இரவாகப் பார்த்துச் செய்யுங்கள். 3 டிகிரி இறங்கியிருந்தால் எட்டு மணி நேரத்தில் ஐந்து யூனிட்டுக்கு மேல் போயிருக்கிறது. மூடியை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் இதைச் செய்து பார்த்தால் மூடியின் விலை நியாயமாகத் தோன்றும். ஒன்டாரியோவில் 2023-லிருந்து இரவு 11 முதல் காலை 7 வரை மிக மலிவான கட்டணத் திட்டம் இருக்கிறது. சூடேற்றலை அந்த நேரத்துக்கு வைத்து, மாலை 4 முதல் 9 வரை தவிர்த்தால் வித்தியாசம் தெரியும்.

குளித்த மறுநாள் உடம்பில் சிவப்புப் புள்ளிகள் வந்தன.

பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற கிருமி. நீச்சல் உடை மூடிய இடத்தில் அதிகமாக இருக்கும். சில நாளில் தானாக அடங்கும், காய்ச்சல் வந்தாலோ அடங்காவிட்டாலோ மருத்துவரிடம் போங்கள். தோலில் வந்தது எச்சரிக்கை. அதே அசுத்தத் தண்ணீரில் லெஜியனெல்லா வளர்ந்தால் நுரையீரலுக்குப் போகும். நெதர்லாந்தில் போவன்கார்ஸ்பெல் ஊரில் 1999-இல் நடந்த மலர்க் கண்காட்சியில், விற்பனைக்காகக் காட்சிக்கு வைத்து ஓடவிட்ட சுழல்நீர்த் தொட்டியிலிருந்து பரவிய நீர்த்திவலைகளைச் சுவாசித்தவர்களில் 32 பேர் இறந்தார்கள். அவர்கள் அந்தத் தொட்டியில் குளித்தவர்கள் அல்ல, அந்தப் பக்கம் நடந்து போனவர்கள். பட்டையில் குளோரின் பூஜ்யம் காட்டினால் ஜெட்டைப் போடாதீர்கள், யாரையும் அருகில் விடாதீர்கள்.

குழந்தைகளை இறக்கலாமா? கர்ப்பிணிகள்?

ஐந்து வயதுக்குக் கீழே வேண்டாம். சிறு உடம்பு சீக்கிரம் சூடேறிவிடும். கர்ப்பிணிகளும் இதயநோய், இரத்த அழுத்த மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. பெரியவர்களுக்கே 40 டிகிரிதான் உச்சம், பதினைந்து இருபது நிமிடம் போதும். மது அருந்திவிட்டு யாரும் இறங்க வேண்டாம்.

நீளமான முடியைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், உறிஞ்சு துளையின் மூடி உடைந்திருந்தால் தொட்டியை மூடுங்கள். அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி, 2002-இல் ஹாட் டப்பின் அடித்துளை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டதால் நீரிலேயே இறந்துபோனாள். நீச்சல் தெரிந்த குழந்தை. அவள் தாயின் விடாமுயற்சியால் 2007-இல் வந்த சட்டத்துக்கு அந்தக் குழந்தையின் பெயரையே வைத்தார்கள். பாதுகாப்பான துளைமூடிகள் அங்கே கட்டாயமானது அதற்குப் பிறகுதான். உங்கள் தொட்டி அதற்கும் முந்தியது என்றால் துளைமூடியை இந்த வாரமே மாற்றுங்கள். மேல்மூடியின் நான்கு பூட்டும் எப்போதும் பூட்டியிருக்கட்டும்.

டெக் (வீட்டோடு ஒட்டிய மரத்தளம்) மேல் வைக்கலாமா?

தண்ணீர், தொட்டி, ஆட்கள் எல்லாம் சேர்ந்தால் இரண்டு டன்னைத் தாண்டும். சாதாரண டெக் அதற்காகக் கட்டியதில்லை. பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் வைக்காதீர்கள்.

எதை நானே செய்யலாம்? எதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும்?

தண்ணீர், ஃபில்டர், மூடி, நட்டு, வாஷர், ஜெட் எல்லாம் நம் வேலை. பிரேக்கர், புது ஒயர், போர்டு என்று வந்தால் ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைத்தான் அமர்த்த வேண்டும். வேலைக்கு மின் பாதுகாப்பு ஆணையத்தில் அறிவிப்புப் பதிவாக வேண்டும். "பதிவெல்லாம் எதற்கு, நானே முடித்துத் தருகிறேன்" என்று குறைந்த விலை சொல்பவரை அனுப்பிவிடுங்கள்.

பழைய தொட்டிக்குச் செலவு செய்யலாமா, தூக்கிப் போடலாமா?

தொட்டியின் ஓடு விரிசல் விடாமல் இருந்தால் செலவு செய்யலாம். பம்ப், ஹீட்டர், மூடி, போர்டு எல்லாமே மாற்றக்கூடியவை. தொட்டி முழுக்க உறைந்து பல இடங்களில் குழாய் வெடித்திருந்தால், அல்லது அக்ரிலிக் உரிந்து அடியில் கண்ணாடியிழை தெரிந்தால் விட்டுவிடுங்கள். வாங்கும் வீட்டில் ஹாட் டப் இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாளே நிரப்பிச் சூடாக்கி வைக்கச் சொல்லுங்கள். போய் மூடியைத் தூக்கிக் கனம் பாருங்கள், ஜெட்டைப் போட்டுச் சத்தம் கேளுங்கள், பக்கப் பலகையைக் கழற்றச் சொல்லி அடியில் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.